ஒன்பதாம் பக்கத்துக் கட்டம்

தன் விலை என்னவென்று தெரியாமலேயே மூன்று வருடமாகத் தன்னை விற்றுக்கொண்டிருந்தவர் நம் பஞ்சர். மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். மாட்டுக்கு ஒன்றும் புரியாது. ஆனால் மாடு பக்கத்திலாவது நிற்கும். பஞ்சருக்கு விலை பேசியபோது அவர் வீட்டில் லுங்கியோடு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

பஞ்சர் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில், ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் கேட்டு வருகிறவர்களின் விண்ணப்பத்தைச் சரிபார்த்துப் பணம் அனுப்பும் புரோகிராம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு இருபத்திரண்டு வயது. அதை எழுதியவர்களில் பாதிப் பேர் ஓய்வு பெற்றுவிட்டார்கள்; மீதிப் பேர், எழுதியது தாங்கள்தான் என்பதை ஒப்புக்கொள்வதில்லை. தினமும் ஒரு இடத்தில் காற்று இறங்கும். இவர் ஓடிப்போய் ஒட்டுப் போடுவார்.

"பஞ்சர், இன்னிக்கு எங்க காத்து போகுது?"

"டியூபே இல்ல சார். வெறும் ஒட்டுதான் உருண்டுக்கிட்டிருக்கு."

நாற்பத்து நான்கு வயதில் இப்படி ஒரு பெயர் வந்ததில் அவருக்கு வருத்தமில்லை. ஏதோ ஒரு பெயராவது இருக்கிறதே! கம்பெனியின் சம்பளப் பட்டியலில் அவருக்கு அதுவும் கிடையாது. அவர் ஒப்பந்த ஆள். கம்பெனியின் சொந்த ஆட்களுக்கு அடையாள அட்டை நீலக் கயிற்றில் தொங்கும், ஒப்பந்த ஆட்களுக்கு மஞ்சள் கயிற்றில்.

"கழுத்துல மஞ்சக் கயிறு ஏறி மூணு வருஷம் ஆச்சு. கட்டினவன் யாருன்னுதான் தெரியல" என்பார் பஞ்சர். கம்பெனியைக் கேட்டால் ஏஜென்சியைக் கேள் என்றார்கள். ஏஜென்சியைக் கேட்டால், எங்களுக்கு மேலே இன்னொரு ஏஜென்சி இருக்கிறது என்றார்கள். அந்த மேல் ஏஜென்சியை அவர் கண்ணால் பார்த்ததில்லை. கடவுளும் அப்படித்தான், ஆனால் கடவுள் மாதாமாதம் பிடித்தம் செய்வதில்லை.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஊரில் உள்ளவர்களின் வைத்தியச் செலவையெல்லாம் நிமிஷத்தில் பாஸ் பண்ணி அனுப்புகிற அந்தப் புரோகிராமை உயிரோடு வைத்திருந்தவருக்கு, வைத்தியக் காப்பீடு கிடையாது. மஞ்சள் கயிற்றுக்கு அந்த வசதி இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் அவர் மனைவிக்குப் பித்தப்பையில் கல் என்று ஆபரேஷன் செய்ய வேண்டியிருந்தபோது, பஞ்சர் காலையில் முன்னூறு பேருக்குப் பணம் அனுப்பிவிட்டு, மத்தியானம் லீவு போட்டுக்கொண்டு கடன் கேட்கப் போனார்.

கடன் கொடுத்தது சகலை. மனைவியின் தங்கை வீட்டுக்காரர். அதே இன்சூரன்ஸ் கம்பெனியில், வெளியாட்களை எடுக்கிற பிரிவுக்கு மேனேஜர். பஞ்சரை இந்த வேலையில் சேர்த்துவிட்டவரும் அவர்தான். "நம்ம ஏஜென்சிக்கு உங்க பயோடேட்டாவ அனுப்பியிருக்கேன் சகலை, மத்தத அவங்க பாத்துப்பாங்க" என்று சொன்ன நாள் முதல், ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த வீட்டு மத்தியானச் சாப்பாட்டில் இவருக்கு நன்றியும் சேர்த்துப் பரிமாறப்பட்டது. வேலைக்கு ஒரு கரண்டி, கடனுக்கு ஒரு கரண்டி. பஞ்சரும் குனிந்து சாப்பிட்டுவிட்டு வருவார்.

ஆனால் மச்சினி தங்கமானவள். ஆபரேஷனுக்குப் பணம் புரட்ட முடியாமல் இவர் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தபோது, அவளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "மாமா, நான் அவருகிட்ட சொல்லி வாங்கித் தரேன். நீங்க வாயத் தொறக்க வேண்டாம். மானம் போற வேலையெல்லாம் எங்கிட்ட விடுங்க" என்றாள். சொன்னபடி செய்தாள். பஞ்சர் அதை மறக்கவில்லை.

இப்போது மூன்றாவது வருட ஒப்பந்தம் முடிகிற மாதம். மாதத்தின் கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின புதன்கிழமை ஏஜென்சியிலிருந்து போன் வந்தது. பேசியவளுக்குப் பஞ்சர் வைத்திருந்த பெயர் 'நல்லதுக்கு மேடம்.' அவள் எதைச் சொன்னாலும் அப்படித்தான் ஆரம்பிப்பாள்.

"உங்க நல்லதுக்குத்தான் சார் சொல்றேன். கம்பெனியில பட்ஜெட்டக் கொறைச்சுட்டாங்க. புது ஒப்பந்தத்துல எல்லாருக்கும் பத்து பர்சென்ட் கட். நாங்களும் எங்க பங்க விட்டுக் குடுத்திருக்கோம்."

"உங்க பங்கு எவ்வளவு மேடம்?"

"அது கான்ஃபிடென்ஷியல் சார்."

"எங்கிட்டருந்து எடுத்தத எங்கிட்டயே ரகசியமா வெச்சிருக்கீங்களே!"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "நீங்க எப்பவுமே ஜோக்குதான் சார்."

பஞ்சருடைய பிரச்சினையே இதுதான். வயிறெரிந்து சொன்னாலும் ஜோக் என்று வரவு வைத்துவிடுவார்கள்.

சகலையிடம் கேட்டார். சகலை ஒரு பெருமூச்சு விட்டார். "மேல இருபது பர்சென்ட் வெட்டச் சொன்னாங்க சகலை. நான்தான் சண்ட போட்டுப் பத்துல நிறுத்தினேன். யாருக்காகப் போட்டேன்னு உங்களுக்கே தெரியும்." ஆகவே அதற்கும் ஒரு கரண்டி நன்றி.

அன்று மத்தியானம் புது ஒப்பந்தம் கம்ப்யூட்டரில் வந்தது. பதினோரு பக்கம். ஒன்பதாம் பக்கத்தில், எறும்பு மிதித்தால் மறைந்துவிடும் எழுத்தில், ஒரு கட்டம் இருந்தது. 'எனக்காகப் பெறப்படும் தொகை, அதில் யார் யார் எவ்வளவு எடுத்துக்கொள்கிறார்கள் என்ற விவரம் எனக்கு வேண்டாம்.' கட்டத்தில் டிக் ஏற்கெனவே போடப்பட்டிருந்தது.

சட்டம் நல்ல சட்டம்தான். ஒப்பந்த ஆளுக்கு ஏஜென்சி அந்த விவரத்தை ஒரு தாளில் எழுதி, இரண்டு வேலை நாளுக்குள் கொடுத்தே தீர வேண்டும். ஆனால், வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் ஒப்பந்த ஆளுக்கு உண்டு என்று சட்டம் எழுதியவர்கள் கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். சாமி வரம் கொடுத்தது; பூசாரிக்கு அந்தக் கடைசி வரி போதும். பஞ்சர் மூன்று வருடமும் அந்த டிக்கைத் தொடாமல் கையெழுத்துப் போட்டிருந்தார். "டிக் இருந்தா ஒரே நாள்ல முடிஞ்சிடும் சார், எடுத்தா ஆறு வாரம் இழுக்கும். உங்க நல்லதுக்குத்தான்."

இந்த முறையும் அவர் அதை எடுத்தது வீரத்தால் இல்லை. இதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். இருபது வருடம் புரோகிராம் எழுதியவனின் விரலுக்கு ஒரு வியாதி உண்டு. கட்டம் என்று ஒன்றைக் கண்டால், அதை ஒருமுறை எடுத்துப் பார்ப்பான், திரும்பப் போட்டுப் பார்ப்பான். வேலை செய்கிறதா என்று தெரிந்தால்தான் தூக்கம் வரும். கதவைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்க்கிறவர்கள் மாதிரி. பஞ்சர் டிக்கை எடுத்தார். திரும்பப் போடப் போனார்.

அதற்குள் திரையில் பச்சை எழுத்து வந்துவிட்டது: 'உங்கள் கோரிக்கை பதிவானது. நன்றி.'

அந்த ஒப்பந்தப் படிவத்தை எழுதியவன், எந்தக் கட்டத்தைத் தொட்டாலும் உடனே சேமித்து அனுப்பிவிடும்படி எழுதித் தொலைத்திருந்தான். எவனோ ஒரு மஞ்சள் கயிறாக இருக்கும். பாவம், அவனுக்கும் சம்பளத்தை வெட்டியிருப்பார்கள்.

ஐந்தாவது நிமிஷம் போன்.

"சார், ஒன்பதாம் பக்கத்துல கை பட்டுடுச்சு போல. திரும்ப டிக் போட்டுடுங்க, கேக்கவே இல்லைன்னு நான் மாத்திக்கிறேன்."

உண்மையில் பஞ்சர் அதற்குத்தான் மவுஸைக் கையில் பிடித்திருந்தார். புதனுக்கும் ஞாயிறுக்கும் நடுவில் நான்கு நாள். ஒப்பந்தம் இழுத்தால் அடுத்த மாதம் சம்பளம் இல்லை. வாடகை, மகளின் கல்லூரிப் பணம், சகலையின் கடனில் மிச்சமிருந்த நாலு தவணை, எல்லாம் வரிசையாகக் கண் முன் வந்து நின்றன. ஆனால் மூன்று வருடத்தில் அவர் அனுப்பிய எந்தக் கேள்விக்கும் ஐந்து நிமிஷத்தில் பதில் வந்ததில்லை. சம்பளம் தாமதமான மாதத்தில் பதினோரு நாள் கழித்துத்தான் இதே மேடம் போனை எடுத்தாள்.

மடியில் கனமில்லாதவன் வழியில் இப்படியா ஓடுவான்?

"இருக்கட்டும் மேடம்" என்றார். "கை பட்டது பட்டதாவே இருக்கட்டும்."

"சார், நான் உங்க நல்லதுக்கு..."

"எனக்கும் என் நல்லதுக்கு ஒரு தடவ ஏதாவது பண்ணிப் பாக்கணும்னு ஆசையா இருக்கு."

இதற்கு அவள் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தாள் வந்தது. மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவே இருந்த படிக்கட்டுத் திருப்பத்தில்தான் மஞ்சள் கயிறுகள் சாப்பிடுவார்கள். கேன்டீனில் நீலக் கயிற்றுக்குப் பாதி விலை, இவர்களுக்கு முழு விலை. அந்தத் திருப்பத்தில் உட்கார்ந்து, டப்பாவை மூடி வைத்துவிட்டு, அச்சடித்து எடுத்துவந்த தாளைப் பஞ்சர் படித்தார்.

கம்பெனி இவருக்காகக் கொடுப்பது நூறு என்றால், இதுவரை இவர் கைக்கு வந்தது ஐம்பத்தாறு. பஞ்சர் முதலில் நினைத்தது, 'பரவாயில்லையே, பாஸ் மார்க்' என்றுதான். மேல் ஏஜென்சிக்குப் பதினாலு. கீழ் ஏஜென்சிக்குப் பதினைந்து. நிர்வாகச் செலவு என்று ஆறு. அது யாருடைய நிர்வாகம் என்று தாளில் இல்லை. பக்கத்திலேயே புது வருடக் கணக்கு இருந்தது. கம்பெனி கொடுப்பது அதே நூறு. ஒரு காசு குறையவில்லை. பட்ஜெட்டை யாரும் வெட்டவில்லை. இவருடைய ஐம்பத்தாறு மட்டும் ஐம்பதாகியிருந்தது. உதிர்ந்த ஆறில் மூன்று கீழ் ஏஜென்சிக்கு ஏறியிருந்தது. மீதி மூன்று, கடைசி வரிக்கு.

கடைசி வரி: பரிந்துரைக் கட்டணம். போன வருடம் ஒன்பது, இந்த வருடம் பன்னிரண்டு.

பரிந்துரையா? எவன் பரிந்துரைத்தான்? சட்டம் வாங்குபவரின் முழு விலாசத்தையும் போடச் சொல்லியிருந்ததால், போட்டிருந்தார்கள். ஏதோ ஆலோசனை நிறுவனம். விலாசத்தைப் படிக்கும்போது, இதை நான் எங்கேயோ எழுதியிருக்கிறேனே என்று அவருக்குத் தோன்றியது. எழுதியிருக்கிறார். போன மாதம் ஒரு துணிப் பார்சல் மேல், அவர் கையாலேயே. நாலாம் மாடி, பன்னிரண்டாம் எண் வீடு. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு நடக்கிற வீடு.

உரிமையாளர் என்ற இடத்தில் மச்சினியின் பெயர் இருந்தது.

கிணறு வெட்டப் போனால் பூதம் கிளம்பும் என்பார்கள். பூதம் சொந்தக்காரப் பூதமாக இருக்கும் என்று யாரும் சொன்னதில்லை.

கணக்கில் புலியாக இல்லாவிட்டாலும், பஞ்சருக்குப் பெருக்கல் தெரியும். மூன்று வருடமாக மாதம் ஒன்பது. கூட்டிப் பார்த்தால், மனைவியின் ஆபரேஷனுக்கு வாங்கிய கடனைப்போல ஒன்றே முக்கால் மடங்கு வந்தது. இவர் பணத்தை எடுத்து, அதில் பாதிக்குமேல் இவருக்கே கடனாகக் கொடுத்து, அதை வட்டியில்லாக் கடன் என்று பெருமையும் அடித்து, மாதாமாதம் திரும்பவும் வாங்கி, நடுவில் நன்றியையும் கரண்டி கரண்டியாக வசூலித்திருக்கிறார் சகலை. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! அந்தக் கையில் கரண்டி இருக்கிறது என்பதே அந்தப் பெண்டாட்டிக்குத் தெரியுமா என்பதுதான் பஞ்சரைக் குடைந்தது.

வீட்டில் அவர் வாயைத் திறக்கவில்லை. மனைவிக்கு ஒரு மருந்துக் கடையில் பில் போடும் வேலை. எந்த பில்லைப் பார்த்தாலும் கடைசி வரியிலிருந்துதான் ஆரம்பிப்பாள். "மொத்தத்தப் பாத்துட்டு மேல ஏறினாத்தான் திருட்டு எந்தப் படியில ஒக்காந்திருக்குன்னு தெரியும்" என்பாள். இந்தத் தாளை அவளிடம் கொடுத்தால் முதலில் படிப்பது தங்கையின் பெயரைத்தான். அதனால் தாளை நாலாக மடித்துப் பைக்குள், குடைக்கு அடியில் வைத்தார். அக்கா தங்கை நடுவில் நெருப்பை வைக்க வேண்டாம், அவளுக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது என்று நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்தது. அக்காவும் தங்கையும் உள்ளே பாத்திரத்தையும் பழைய கதையையும் கழுவிக்கொண்டிருந்தார்கள். சகலை பல் குத்திக்கொண்டு பால்கனிக்கு வந்தார். பஞ்சர் தாளை நீட்டினார்.

சகலை படித்தார். முகம் மாறவில்லை. மாறும் என்று எதிர்பார்த்தது பஞ்சரின் தப்பு.

"இத ஏன் சகலை கேட்டு வாங்கினீங்க? யாருமே கேக்கறதில்லையே."

"கை பட்டுடுச்சு."

"எல்லா எடத்துலயும் உள்ளதுதான். நான் வாங்கலைன்னா வேற எவனாவது வாங்கியிருப்பான். அப்ப உங்களுக்கு வேலையும் கெடைச்சிருக்காது. உங்களுக்கு வேல கெடைச்சுதா இல்லையா?"

"கெடைச்சுது."

"அப்புறம் என்ன? வெளிய போற காசு குடும்பத்துக்குள்ளயே இருக்கே, அதப் பாருங்க."

திருட்டுக்கு இப்படி ஒரு பாசமான விளக்கத்தைப் பஞ்சர் கேட்டதில்லை.

"அவளுக்குத் தெரியுமா?" என்று உள்பக்கம் கண்ணைக் காட்டினார்.

"அவளுக்கு எதுக்கு? கையெழுத்துப் போடச் சொன்னேன், போட்டா. எதுலதான் படிச்சுட்டுப் போட்டிருக்கா?"

அந்த நேரம் பார்த்து அவளே காபியோடு வந்தாள். சகலை தாளைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். ரேங்க் கார்டை மறைக்கிற பையன் மாதிரி. முகம் மாறாத மனுஷனுக்குக் கை மாறியதைப் பஞ்சர் கவனித்துக்கொண்டார்.

"மாமா, சர்க்கர கம்மியாப் போட்டிருக்கேன். அக்காவுக்கு இப்ப வயித்து வலி ஒண்ணும் இல்லையே? நேத்து போன்ல கேட்டா, சிரிச்சு மழுப்பறா."

"இல்லம்மா. நல்லா இருக்கா."

"எதுனா இருந்தா மறைக்காதீங்க. போன தடவையும் கடைசி நிமிஷத்துலதான் சொன்னீங்க. உங்களுக்கு எல்லாத்தையும் மூடி வெக்கறதே பழக்கம்." திட்டிவிட்டு உள்ளே போனாள்.

பஞ்சர் டம்ளரைக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்தார். இவள் முகத்துக்கு நேரே இந்தத் தாளை எப்படி நீட்டுவது?

"அவகிட்டயும் சொல்ல மாட்டேன், அவ அக்காகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார் மெதுவாக. "நிறுத்திக்குங்க, அது போதும்."

சகலைக்கு மூச்சு வந்தது. தோளில் கை போட்டார். "உங்க மனசு யாருக்கும் வராது சகலை. சரி, அந்த டிக்க மட்டும் இப்பவே திரும்பப் போட்டுடுங்க. இந்த மாதிரித் தாள் ஃபைல்ல இருந்தா, நாளைக்கு எவனாவது தோண்டுவான். டிக் வந்ததும் காலைல மொத வேலையா உங்க ஒப்பந்தத்துல என் கையெழுத்து. பத்து பர்சென்ட் வெட்டையும் அஞ்சாக்கித் தரேன், போங்க."

பஞ்சர் போனை எடுத்தார். ஒன்பதாம் பக்கத்தைத் திறந்தார். நாற்பத்து நாலு வயது மனுஷனுக்கு என்ன பெரிய ரோஷம்? வீடு ஓட வேண்டும். உள்ளே இரண்டு சகோதரிகளும் எதற்கோ ஒரே குரலில் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அப்படியே இருக்க வேண்டும். கட்டைவிரல் கட்டத்துக்கு மேலே வந்துவிட்டது.

"அப்புறம் சகலை," என்றார் சகலை, காபியை ஊதிக்கொண்டே, "நாளைக்கு ஒண்ணாந்தேதி. இந்த மாசத் தவணை இன்னும் வரல. அது வேற, இது வேற. தப்பா எடுத்துக்காதீங்க."

பஞ்சர் அவரைப் பார்த்தார். சகலை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்த முகத்தில் கெட்ட எண்ணம்கூட இல்லை. அதுதான் தாங்கவில்லை.

போனைச் சட்டைப் பையில் போட்டார். சகலையின் கையிலிருந்த தாளை வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்தார்.

"தவணைய அனுப்பிடறேன். ரசீது குடுங்க. யார் யாருக்கு எவ்வளவு போகுதுன்னு விவரத்தோட."

"என்ன சகலை, ஜோக்கா?"

"ஆமா" என்றார் பஞ்சர். "நான் எப்பவுமே ஜோக்குதான்."

திங்கட்கிழமை காலை எட்டே முக்காலுக்கு, கம்பெனி வாசல் கதவில் அட்டையை வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. இன்னொரு முறை வைத்தார். சிவப்பு.

வாசல் செக்யூரிட்டி எழுந்து வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், தினமும் பஞ்சருக்கு முதல் வணக்கம் சொல்கிறவர். "வேர்வ பட்டா சில நேரம் எடுக்காது சார்" என்று அட்டையை வாங்கித் தன் சட்டையில் துடைத்து, அவரே வைத்துப் பார்த்தார். சிவப்பு. துடைத்த கையாலேயே மேஜைமேல் இருந்த, உள்ளே விடக் கூடாதவர்களின் பட்டியலைத் தயங்கித் தயங்கிக் காட்டினார். "ஏழு மணிக்கே வந்துடுச்சு சார். மெஷின் தப்பா இருக்கும், லிஸ்ட் தப்பா இருக்கும்னு நெனச்சுட்டேன். உக்காருங்க."

தன் நாற்காலியையே இழுத்துப் போட்டார். பஞ்சர் உட்கார்ந்தார். மேலே ஐந்தாம் மாடியில் அவருடைய நாற்காலியில் ஒரு மெத்தையும், மேஜைக்கடியில் ஒரு ஜோடிச் செருப்பும் இருந்தன. அவை கூரியரில் வீட்டுக்கு வரும் என்று பட்டியலின் அடியில் எழுதியிருந்தது. அதற்கும் யாராவது நிர்வாகச் செலவு பிடிப்பார்களாக இருக்கும்.

ஒன்பது மணிக்குப் போன் அடித்தது. ஐந்தாம் மாடி நீலக் கயிறு ஒருவர்.

"பஞ்சர், எங்க இருக்கீங்க? புரோகிராம் நின்னு போச்சு. நானூறு பேருக்குப் பணம் தொங்குது."

"டியூப மாத்துங்க சார்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடத்தான் நினைத்தார். எத்தனை நாளாகச் சேர்த்து வைத்திருந்த வசனம்! ஆனால் நானூறு பேரில் எவனாவது ஒருவன், இந்நேரம் ஏதாவது ஒரு ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பானே! எந்த ஃபைலைத் திறக்க வேண்டும், எந்த வரியைத் திருத்த வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஆறு நிமிஷத்தில் ஓடிவிட்டது. மூன்று வருடத்தில் இந்த ஒரு வேலைக்குத்தான் நடுவில் யாரும் எதுவும் எடுக்கவில்லை. எடுக்க ஒன்றும் இல்லை என்பதுதான் காரணம்.

"தேங்க்ஸ் பஞ்சர். சீக்கிரம் மேல வாங்க" என்றது போன்.

கேட்டுக்கொண்டிருந்த செக்யூரிட்டி, தன் கழுத்துக் கயிற்றைத் திருகினார். அதுவும் மஞ்சள். "சார், பேசிக்கிட்டாங்க... நீங்க ஏதோ தாள் கேட்டீங்களாமே. எங்களுக்கும் அது உண்டா?"

"உண்டு. டிக் போட்டுட்டீங்களா?"

"சட்ட குடுக்கும்போது நாலு எடத்துல போடச் சொன்னாங்க. போட்டாத்தான் சட்டைன்னாங்க." தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். "கேட்டா உங்களுக்கு ஆன மாதிரிதான் எனக்கும் ஆகுமில்ல?"

"ஆகும்" என்றார் பஞ்சர். பொய் சொல்ல மனம் வரவில்லை.

செக்யூரிட்டி தலையை ஆட்டிவிட்டு, அடுத்து வந்த நீலக் கயிற்றுக்குக் கதவைத் திறந்துவிடப் போனார்.

மறுபடியும் போன். மனைவி, கடையிலிருந்து.

"என்னங்க, சாப்பாட்டு டப்பாவ மேசையிலயே விட்டுட்டுப் போயிட்டீங்க."

"பரவால்ல. அங்க சாப்பிட வேண்டிய வேல வராது போல. கார்டு செவப்பாயிடுச்சு."

அந்தப் பக்கம் பில் மெஷின் கரகரவென்று ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "சரி, பதறாதீங்க" என்றாள். அவள் குரல்தான் பதறியது. "உங்க சகலைகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. நல்ல மனுஷன். நாம நடுத்தெருவுல நின்னப்ப வந்து நின்னவரு. உங்களுக்குக் கேக்கக் கூச்சமா இருந்தா சொல்லுங்க, நான் தங்கச்சிக்குப் போன் போடறேன். அவ சொன்னா அவரு தட்ட மாட்டாரு."

பஞ்சர் பையைத் திறந்தார். குடைக்கு அடியில் தாள் இருந்தது. மூன்று நாளாக இருந்தது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. விவரம் வேண்டாம் என்று இவர் சார்பில் எவனோ டிக் போட்டு வைத்ததற்குத்தானே இத்தனை வயிற்றெரிச்சல்? இவர் மட்டும் என்ன செய்தார்? வெள்ளிக்கிழமையிலிருந்து பெண்டாட்டியின் பெயரில் ஒரு கட்டத்தைப் போட்டு, அவளைக் கேட்காமலேயே டிக்கும் போட்டு வைத்திருக்கிறார். கேட்டால், அவள் நல்லதுக்குத்தான்! சகலைக்குக் கொடுத்த வாக்கு ஒன்று இருந்தது. அந்த வாக்கைக் காப்பாற்றினால், இன்று சாயங்காலம் இவள் தங்கையிடம் போய்க் கைகட்டி நிற்பாள். நின்று, திருடனுக்கு நன்றி சொல்லுவாள்.

"தங்கச்சிக்குப் போன் போடாத" என்றார். "முதல்ல எங்கிட்ட ஒரு தாள் இருக்கு. படிக்கிறேன், கேளு."

"என்ன தாளு?"

"என் விலைப் பட்டியல். யார் யார் எவ்வளவு எடுத்தாங்கன்னு. வெள்ளிக்கிழமையே வந்தது. உங்கிட்ட மறைச்சுட்டேன்."

கோபப்படுவாள் என்று காத்திருந்தார். கடையில் யாரோ மாத்திரை கேட்டார்கள். "ரெண்டு நிமிஷம் இருங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள். பில் பார்க்கும் குரல் வந்துவிட்டது.

"மேலருந்து படிக்காதீங்க. கடைசி வரியப் படிங்க."

பஞ்சர் தாளைப் பிரித்தார். மடிப்பில் எழுத்து லேசாக அழிந்திருந்தது. ஆனால் பெயர் தெளிவாகவே இருந்தது. பரிந்துரைக் கட்டணம் என்று படித்தார். பன்னிரண்டு என்று படித்தார். விலாசத்தையும் படித்தார்.

"யார் பேரு போட்டிருக்கு?"

சொன்னார்.

அந்தப் பக்கம் பில் மெஷின் நின்றது.